மாணவர் பேரவையில் இறங்குவது எப்படி: டெல்டா கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணமோ தஞ்சாவூரோ, மன்னார்குடியோ பூம்புகாரோ, எந்த ஊர்க் கல்லூரியாக இருந்தாலும் முதல் வருடத்துப் பிள்ளைகளில் துடிப்பான நாலு பேர் சீனியரைப் பிடித்துக் கேட்கும் கேள்வி, "அண்ணே, சேர்மனுக்கு எப்படி நிற்கிறது?" என்பதுதான். சேர்மன் என்றால் மாணவர் பேரவைத் தலைவர். அதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் நிற்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, ஜெயித்த பிறகு செய்ய வேண்டியது அதைவிட நிறைய. பேரவைப் பதவி கிடைத்தால் ஆபீஸுக்குள் போய் மாணவர்கள் சார்பில் கேட்கும் உரிமை கிடைக்கிறது. கேட்டதை எழுத்தில் கொடுத்து, பதில் வருகிறவரை விடாமல் பின்னால் போகிறவர் கையில்தான் அந்த உரிமைக்குப் பலன் உண்டு. கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த வேலையைக் கற்றுக்கொள்வதற்கானவை.

படி 1: உங்கள் கல்லூரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நம் பக்கம் நிறையக் கல்லூரிகளில் நேரடித் தேர்தல் நடப்பதில்லை. சில இடங்களில் வகுப்புப் பிரதிநிதிகள் மட்டும் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சில இடங்களில் மதிப்பெண் பார்த்து பிரின்சிபாலே நியமிக்கிறார், இன்னும் சில இடங்களில் பேரவை என்ற பெயர் கையேட்டில் மட்டும் இருக்கிறது. உங்கள் கல்லூரி இதில் எந்த வகை என்று யாரிடமும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். சேரும்போது கொடுத்த கையேட்டைப் புரட்டுங்கள், கட்டண ரசீதில் பேரவை, விளையாட்டு, ஆண்டு மலர் என்று தனித்தனியாகத் தொகை போட்டிருக்கிறதா என்று பாருங்கள், கல்லூரி இணையதளத்தில் குழுக்களின் பட்டியலைத் தேடுங்கள்.

அந்தக் குழுக்கள்தான் முக்கியம். பேரவைத் தேர்தலே இல்லாத கல்லூரியிலும் மாணவர்களுக்கு விதிப்படி இடம் தர வேண்டிய குழுக்கள் இருக்கின்றன, பெரும்பாலானவர்களுக்கு இது தெரிவதில்லை. பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைப்படி, மாணவர் சம்பந்தப்பட்ட விவகாரம் என்றால் அதில் இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி என்று 3 மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்களையும் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். ராகிங் தடுப்புக் குழுவில் புதிய மாணவர்களுக்கும் சீனியர்களுக்கும் பிரதிநிதிகள் உண்டு, இது 2009 விதிமுறை. 2023-இல் வந்த விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும், அதற்கும் ஒரு மாணவரைச் சிறப்பு அழைப்பாளராக எடுக்க வேண்டும். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டுக்காக வைத்திருக்கும் உள்தர உறுதிக் குழுவிலும் மாணவருக்கு இடம் உண்டு. விடுதி இருந்தால் மெஸ் கமிட்டியும் சேர்ந்துகொள்ளும்.

இந்த நாற்காலிகளில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று துறைத் தலைவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பல இடங்களில் யாருடைய பெயரோ பட்டியலில் இருக்கும், அந்த மாணவருக்கே தான் உறுப்பினர் என்று தெரியாது. முதல் வருடத்திலேயே உள்ளே நுழைய அதைவிட நல்ல கதவு கிடையாது.

படி 2: எந்த முடிவை யார் எடுக்கிறார் என்று வரைந்துகொள்ளுங்கள்

கும்பகோணம் அரசு ஆடவர் கலைக் கல்லூரி, தஞ்சாவூர் சரபோஜி கல்லூரி போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். அங்கே தேர்வுத் தாள், மதிப்பெண் எல்லாம் கல்லூரிக்குள்ளேயே இருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையில். தன்னாட்சி இல்லாத, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் அதே மார்க்ஷீட் பிரச்சினைக்குத் திருச்சிக்குத்தான் எழுத வேண்டும். ஆசிரியர் பணியிடம் காலி, கட்டடம் இல்லை என்றால் அரசுக் கல்லூரியில் பிரின்சிபாலும் மேலே எழுதத்தான் முடியும், அது தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கும் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் வழியாகச் சென்னைக்குப் போகும். திருவாரூர் நீலக்குடியில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் சிதம்பரம் அண்ணாமலைக்கும் வழி வேறு.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிரின்சிபால் கையில் இல்லாத விஷயத்துக்கு அவர் அறை வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று சோர்ந்துபோகும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஒரு பக்கத் தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: கல்லூரி, பல்கலைக்கழகம், அரசு. வருகிற புகார் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள்.

படி 3: வகுப்பு ரெப் ஆகுங்கள்

இதில் பெரிய ரகசியம் இல்லை. யாரும் போட்டிக்கு வராத பதவி, கை தூக்கினால் கிடைக்கும். அசைன்மென்ட் தேதி சொல்வதும் அட்டெண்டன்ஸ் நோட்டைத் தூக்கிக்கொண்டு போவதும்தான் வேலை என்று நினைக்காதீர்கள். வகுப்பில் இருக்கும் அறுபது பேரும் எந்த ஊர், எந்த பஸ், யாருக்கு உதவித்தொகை வரவில்லை, யார் நடவு, அறுப்பு நாட்களில் வீட்டு வேலைக்காக லீவு போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். புதுமைப் பெண் திட்டத்திலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வகுப்பில் ஒருவருக்கு ஆதார் இணைப்பிலோ வங்கிக் கணக்கிலோ சிக்கி அது நின்றுபோயிருந்தால், அவரைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்கும் பேங்குக்கும் போய் அதைச் சரிசெய்து கொடுங்கள். தகப்பன் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்த ஆயிரம் ரூபாய் வந்தால்தான் பிள்ளை தொடர்ந்து படிக்கும்.

படி 4: ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து முடித்துக் காட்டுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐந்து பிரச்சினையை ஒரே மனுவில் எழுதினால் ஐந்துக்கும் பதில் வராது. ஒன்றை எடுங்கள். டெல்டாவில் பெரும்பாலும் அது பஸ்தான். வேதாரண்யம், முத்துப்பேட்டை, ஒரத்தநாடு, பாபநாசம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடிகாலையில் கிளம்பி வருகிற பிள்ளைகள், காலை பஸ் கல்லூரி நிறுத்தத்தில் நிற்காமல் போனால் முதல் பீரியடை இழக்கிறார்கள், அது மாதக் கடைசியில் அட்டெண்டன்ஸ் குறைவாக வந்து நிற்கிறது. "பஸ் சரியாக வருவதில்லை" என்று எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இரண்டு வாரம் குறிப்பெடுங்கள்: தேதி, நேரம், தடம், பஸ்ஸின் எண், நின்றதா இல்லையா, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள். இதை நீங்கள் ஒருவரே செய்யாமல் நிறுத்தத்துக்கு ஒருவராகப் பொறுப்பு கொடுங்கள். பின்னாளில் உங்கள் தேர்தல் வேலையைச் செய்யப்போவதும் இவர்கள்தான்.

அப்புறம் மனு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எடுத்துக்காட்டாக இப்படி:

அனுப்புநர்: இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள், (கல்லூரியின் பெயர்)
பெறுநர்: கிளை மேலாளர், அரசுப் பேருந்துப் பணிமனை
வழி: துறைத் தலைவர், முதல்வர்
பொருள்: காலை 7.50 மணிப் பேருந்து கல்லூரி நிறுத்தத்தில் நிற்காதது தொடர்பாக
ஐயா, ஜூலை 8 முதல் 19 வரை 10 கல்லூரி நாட்களில் 6 நாட்கள் மேற்படி பேருந்து நிறுத்தத்தில் நிற்கவில்லை. தேதிவாரிப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. இந்த நிறுத்தத்தில் ஏறும் மாணவர்கள் 43 பேர், அவர்களில் 31 பேர் பெண்கள். பேருந்து நின்று செல்ல உத்தரவிடவும், நெரிசல் காரணமாக நிற்க இயலாது எனில் 7.40-க்கு ஒரு கூடுதல் பேருந்து இயக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

பாருங்கள், இதில் கோபம் எங்கேயும் இல்லை, எண்ணிக்கை இருக்கிறது, என்ன வேண்டும் என்பது இருக்கிறது, அதைச் செய்ய முடியாவிட்டால் வேறு என்ன செய்யலாம் என்பதும் இருக்கிறது. இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, கையில் இருக்கும் பிரதியில் அலுவலக முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றையும் வாங்காமல் அந்த மேஜையை விட்டு நகராதீர்கள். 15 நாள் கழித்து, முத்திரை போட்ட பிரதியோடு போய் "ஐயா, இது என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். பதில் இல்லையா, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது, அங்கே முந்தைய மனுவின் நகலை இணைத்துக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கல்லூரிக்கு உள்ளே நடக்கும் பிரச்சினை என்றால் குறைதீர்க்கும் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். 15 வேலை நாட்களுக்குள் அந்தக் குழு அறிக்கை தர வேண்டும் என்பது விதி. அதில் திருப்தி இல்லை என்றால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியிடம் (ombudsperson) மேல்முறையீடு செய்யலாம். அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் கேட்டால் சொல்லிவிடக்கூடிய விஷயத்துக்குத் தகவல் உரிமையில் போனால் ஆபீஸில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வாயால் கேட்டு, மனு கொடுத்து, இரண்டும் நடக்காத பிறகு போங்கள்.

படி 5: தேர்தல் விதிகளை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு மாணவர் தேர்தலுக்கு வகுத்த விதிகளை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22-இல் உத்தரவிட்டது. பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் அடிப்படை இதுதான்.

வயது இளநிலைக்கு 17 முதல் 22 வரை, முதுநிலைக்கு 25, ஆராய்ச்சி மாணவருக்கு 28. அட்டெண்டன்ஸ் குறைந்தது 75 சதவீதம். போட்டியிடும் வருடத்தில் அரியர் இருக்கக் கூடாது. குற்ற வழக்கில் விசாரணையோ தண்டனையோ, கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கையோ இருக்கக் கூடாது. ரெகுலர் மாணவர் மட்டும்தான், தொலைநிலைப் படிப்பில் இருப்பவர் நிற்க முடியாது. நிர்வாகிப் பதவிக்கு வாழ்நாளில் ஒரு தடவை, செயற்குழு உறுப்பினருக்கு இரண்டு தடவை. ஆகவே முதல் வருடத்திலேயே ஆசைப்பட்டு நின்று அந்த ஒரு வாய்ப்பைத் தீர்த்துவிடாதீர்கள், இரண்டாம் வருடக் கடைசிவரை பொறுத்திருங்கள் என்பது என் கருத்து.

செலவு அதிகபட்சம் 5,000 ரூபாய், முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். அரசியல் கட்சிப் பணம் வாங்கக் கூடாது. அச்சடித்த போஸ்டர், நோட்டீஸ் கூடாது. கையால் எழுதியதை, அதுவும் கல்லூரி குறித்துக் கொடுத்த இடத்தில்தான் ஒட்டலாம். ஒலிபெருக்கி, வாகன ஊர்வலம் கிடையாது. சாதி, மதம் சொல்லி ஓட்டுக் கேட்கக் கூடாது, கோயில், பள்ளிவாசல், தேவாலயத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வாக்குப்பதிவு நாளில் வாக்காளருக்குத் தண்ணீர் கொடுக்கலாம், வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. வேட்புமனுவிலிருந்து முடிவு அறிவிப்புவரை 10 நாளுக்குள் முடிய வேண்டும், கல்லூரி திறந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தலே நடந்துவிட வேண்டும். நம் பக்கம் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ திறக்கிறார்கள் என்றால் ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு தேர்தல் வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்புமனு வாங்கும்போதே முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரின் அட்டெண்டன்ஸும் அடையாள அட்டையும் சரியா என்று பாருங்கள். நாள் நெருங்கிய பிறகு மனு தள்ளுபடி ஆவது பெரும்பாலும் இந்த மாதிரி சின்ன விஷயத்தில்தான்.

படி 6: ஓட்டுக் கேட்பது

டெல்டாக் கல்லூரியில் ஓட்டு ஊர்வாரியாகவும் பஸ்வாரியாகவும் போகும், அதற்குள்ளே சாதிவாரியாகவும் போகும். இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. "நம்ம பசங்க ஓட்டு இத்தனை, அவங்க ஓட்டு இத்தனை" என்று கணக்குப் போட்டுக்கொடுக்க ஒரு அண்ணன் கண்டிப்பாக வருவார். அவரிடம் "வேண்டாம் அண்ணே" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். 1940களில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் திராவிட மாணவர் கழகம் உருவானதற்குப் பின்னால், விடுதியில் பிராமண மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனியாகத் தண்ணீர்ப் பானை வைத்திருந்த விவகாரம் இருந்தது. அந்தப் பானைகளை எதிர்த்து மாணவர்கள் எழுந்த மண்ணில் சாதிக் கணக்குப் போட்டுப் பேரவைக்குள் போவது எனக்குத் தாங்க முடியாத வருத்தத்தைத் தருகிற காரியம். நடைமுறையாகப் பார்த்தாலும் அது நிற்காது, ஏனென்றால் அப்படி ஜெயித்தவரிடம் மற்றப் பாதிப் பேர் தங்கள் மனுவோடு வரவே மாட்டார்கள்.

கூட்டத்தை எப்போது போடுகிறீர்கள் என்பதை யோசியுங்கள். நாலு மணிக்குப் பிறகு கூட்டம் வைத்தால் பெண்கள் வர மாட்டார்கள், ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வராத கூட்டத்தில் பையன்கள் மட்டும் முடிவெடுத்துவிட்டு "பொண்ணுங்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை" என்கிறார்கள். மதிய இடைவேளையில் வையுங்கள். ஷிப்ட் முறை இருக்கிற கல்லூரி என்றால் முதல் ஷிப்ட் வெளியே வந்து இரண்டாம் ஷிப்ட் உள்ளே போகும் அந்த அரைமணி நேரம் தங்கமான நேரம், இரண்டு பக்கத்து முகமும் அப்போதுதான் ஒன்றாகக் கிடைக்கும். உங்கள் அணியில் பாதி நிர்வாகிப் பதவிக்காவது பெண்களை நிறுத்துங்கள், துணைச் செயலாளரோடு நிறுத்திவிடாமல் தலைவர் பதவிக்கே நிறுத்துங்கள்.

வாக்குறுதி மூன்றுக்கு மேல் வேண்டாம், மூன்றுமே பிரின்சிபால் கையெழுத்தில் முடிகிறதாக இருக்கட்டும். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர், நூலகம் மாலை இன்னும் ஒரு மணி நேரம், குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்த தேதியைச் சுவரில் எழுதுவது. வகுப்பு வகுப்பாகப் போய் இதைச் சொல்லும்போது, படி 4-இல் நீங்கள் முடித்த வேலையின் முத்திரை போட்ட பிரதியைக் காட்டுங்கள், பேச்சே தேவைப்படாது.

கட்சி மாணவர் அமைப்புகளைப் பற்றியும் கேட்பீர்கள். சேரலாம், அது உங்கள் உரிமை. அங்கே கூட்டம் நடத்தவும் தீர்மானம் எழுதவும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் பேரவைக் கூட்டத்தில் உட்காரும்போது உங்களுக்கு ஓட்டுப் போடாதவருக்கும் நீங்கள்தான் பிரதிநிதி.

படி 7: ஜெயித்தாயிற்று, இனி?

முதல் வாரத்திலேயே பேரவை ஆலோசகரான பேராசிரியரைப் பார்த்து, மாதம் ஒரு நாள் பிரின்சிபாலோடு கூட்டம் என்று தேதி வாங்குங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மினிட்ஸ் நோட்டு: யார் வந்தார்கள், என்ன பேசினோம், யார் எந்தத் தேதிக்குள் செய்வார். கடைசியில் எல்லோரும் கையெழுத்து. இந்த நோட்டு இல்லாத பேரவை கல்லூரி நாள் விழாவுக்கு மேடை போடுகிற குழுவாக மாறிவிடும்.

பணம் கையில் வரும்போது மூன்று கடையில் விலைப்புள்ளி, ஒவ்வொரு செலவுக்கும் பில், பணம் வாங்கியவர் கையெழுத்து. பொங்கல் விழா முடிந்த மறுவாரமே வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். நல்ல பிள்ளைகளின் பெயர் கெட்டது பெரும்பாலும் திருட்டால் கிடையாது, பில் இல்லாததால்.

மழைக்காலத்துக்கென்று தனியாக ஏற்பாடு வேண்டும். ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் நவம்பரில் ஒன்றாகத்தான் வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது நினைவிருக்கும், கடலோரக் கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. கலெக்டர் விடுமுறை அறிவித்தாலும் பல்கலைக்கழகத் தேர்வு தள்ளிப்போகிறதா என்பது தனியாக அறிவிக்க வேண்டிய விஷயம், அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் தவிக்கிறார்கள். அக்டோபரிலேயே ஊர்வாரியாக ஒரு தொடர்பு ஆள், அவர் போன், அவருக்கு மாற்றாக இன்னொருவர் என்று பட்டியல் போடுங்கள். தண்ணீர் சூழ்ந்து தேர்வுக்கு வர முடியாமல் போனவர்களின் பெயரும் பதிவெண்ணும் அன்றே பிரின்சிபாலுக்கு எழுத்தில் போக வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் மறுதேர்வு கேட்பது கஷ்டம்.

போராட்டம் வேண்டிய நேரமும் வரும். 1965-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தது இந்தப் பகுதியில்தான், தெருவில் இறங்கவே கூடாது என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால் இறங்குவதற்கு முன் மனு கொடுத்த தேதிகள், நினைவூட்டிய தேதிகள், வந்த பதில், எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். கோரிக்கை ஒன்றிரண்டாக இருக்கட்டும். பேச்சுவார்த்தைக்கு யார் போவார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். உடன் வருகிற முதல் வருடப் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள், ஒரு வழக்கு விழுந்தால் பின்னாளில் அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியது அவர்கள்தான்.

தேர்தலே நடக்காத கல்லூரியில்

முன்பு சொன்ன குழுக்களில் நுழையுங்கள், கூடவே நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேருங்கள். இரண்டு வருடத்தில் 240 மணி நேர வேலையும் 7 நாள் முகாமும் முடிப்பதற்குள், ஆட்களைத் திரட்டி வேலை வாங்குவது எப்படி என்று கைக்குப் பழகிவிடும். அதோடு, வகுப்புப் பிரதிநிதிகள் எல்லோரும் கையெழுத்திட்டு, லிங்டோ விதிப்படி தேர்தல் நடத்தக் கோரி பிரின்சிபாலுக்கு ஒரு மனு கொடுங்கள். நேரடித் தேர்தல் நடத்தும் சூழல் இல்லை என்று சொன்னால், வகுப்புப் பிரதிநிதிகள் வழியான மறைமுகத் தேர்தலுக்கும் அந்த விதிகளில் இடம் இருக்கிறது என்று எடுத்துக்காட்டுங்கள். ஒரே வருடத்தில் நடக்காது. மூன்று பேட்ச் தொடர்ந்து கேட்க வேண்டியிருக்கும், அதற்காகத்தான் அடுத்த படி.

படி 8: கோப்பை ஒப்படைப்பது

பிப்ரவரி, மார்ச்சில் இறுதியாண்டு பிராஜெக்ட், தேர்வு என்று எல்லோரும் ஓடுவதற்கு முன்னால் இதை முடியுங்கள். மினிட்ஸ் நோட்டு, முத்திரை வாங்கிய மனுக்கள், வந்த பதில்கள், வரவு செலவு, ஊர்வாரித் தொடர்புப் பட்டியல், எந்த மேஜையில் எந்த வேலை நடக்கும் என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, முதல் பக்கத்தில் முடியாமல் நிற்கும் மனுக்களின் பட்டியலையும் அடுத்து நினைவூட்ட வேண்டிய தேதியையும் எழுதுங்கள். அடுத்த வருடம் வேலை செய்யப்போகும் இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்து அதைப் பக்கம் பக்கமாக விளக்குங்கள், ஒரு தடவை ஆபீஸுக்கும் கூட்டிப்போய் சூப்பிரண்டிடமும் கிளார்க்கிடமும் "இனிமேல் இவங்கதான் சார் வருவாங்க" என்று அறிமுகம் செய்யுங்கள். கோப்பின் நகல் ஒன்று பேரவை ஆலோசகரிடம், இன்னொன்று ஸ்கேன் செய்து பேரவையின் பொது மெயிலில். அந்த மெயிலின் பாஸ்வேர்டையும் மறக்காமல் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.